தோலின் நடுவே ஒரு பிடி சோறு

(இயற்பியல் மாணவர்களும் இசை கேட்பவர்களும் சேர்ந்து அமர்ந்திருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)



மிருதங்கத்தின் வலந்தலையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒன்று இருக்கும். கரணை என்பார்கள், சோறு என்றும் சொல்வார்கள். அதைச் சோறு என்பது உவமைக்காக அல்ல. வடித்த சோற்றை மசித்து, இரும்பும் மாங்கனீசும் கலந்த கறுப்புக் கல்லின் பொடியோடு பிசைந்து, தோலின் நடுவில் அப்பித் தேய்த்துக் காயவைத்ததுதான் அது.

நான் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். தனிச்சீரிசை இயக்கம் என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு சுருள்வில்லை வரைவேன், அதன் நுனியில் ஓர் எடையைத் தொங்கவிடுவேன், சமன்பாட்டை எழுதுவேன். அந்தப் பாடத்தின் ஆக அழகான உதாரணம் இந்தச் சோற்றுக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தபோது பணிக்காலத்தில் பாதி போய்விட்டிருந்தது. முதல் பாதியில் என்னிடம் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் இந்த ஸ்டீல் ஸ்கேல். மேசை விளிம்பில் ஒரு நுனியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். மறுநுனியைக் கீழே தள்ளி விடுகிறேன். மேலே போகிறது, கீழே வருகிறது. எதற்காக? வளைந்த உலோகம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்பி வந்ததும் அங்கேயே நின்றுவிட முடிகிறதா? முடியவில்லை. வந்த வேகம் அதை மறுபக்கம் கொண்டுபோய்விடுகிறது. அங்கிருந்து மறுபடியும் இழுப்பு. அதிர்வு என்று நாம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான். திரும்பச் சொல்லும் மீள்விசை ஒரு பக்கம், நிற்கவிடாத நிறை ஒரு பக்கம்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1678-இல் ஒரு விதியை வெளியிட்டார். எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அந்த அளவுக்கு மீள்விசையும் இருக்கும். இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு விசை. கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இந்த உலகத்தில் இசை என்று ஒன்று இருப்பதற்கு இந்தச் சாதாரண விதிதான் காரணம் என்று நான் துணிந்து சொல்வேன். கொஞ்சம் நின்று இதைப் பார்ப்போம்.

ஸ்கேலின் நுனியை ஒரு சென்டிமீட்டர் தள்ளி விடுகிறேன். பிறகு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விடுகிறேன். இரண்டாவது தடவை நுனி இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். ஆனால் அதை இழுக்கும் விசையும் இரண்டு மடங்கு, ஆகவே வேகமும் இரண்டு மடங்கு. தூரமும் வேகமும் ஒரே கணக்கில் கூடியதால், ஒருமுறை போய்வர ஆகும் நேரம் மாறவே இல்லை. வீச்சு எதுவானாலும் அலைவுக்காலம் ஒன்று. ஊஞ்சலிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டிய ஊஞ்சலை மெதுவாக ஆட்டினாலும் இன்னும் கொஞ்சம் வீசி ஆட்டினாலும் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2.8 விநாடிதான் ஆகும். மிக உயரமாக வீசி ஆடினால் கணக்கு கொஞ்சம் பிசகும். மீள்விசையும் விலகலும் ஒரே விகிதத்தில் இருக்கும்வரை பிசகாது.

இதை இசைக்குக் கொண்டுபோங்கள். தம்புராவின் தந்தியை மீட்டுகிறோம். முதலில் பெரிய வீச்சு, பலத்த ஒலி. மெல்ல மெல்லத் தேய்கிறது. தேயும்போது ஸ்ருதி இறங்குகிறதா? இறங்குவதில்லை. ஒலி அடங்கும் கடைசிக் கணம்வரை அதே சட்ஜம். ஹூக் சொன்ன விகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மீட்டிய ஒவ்வொரு சுரமும் தேயத் தேய வேறு சுரமாக வழுக்கிக்கொண்டே போகும். பலமாக மீட்டினால் ஒரு ராகம், மெதுவாக மீட்டினால் வேறொரு ராகம் என்று ஆகிவிடும். ஸ்ருதி என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது.

அலைவுக்காலத்தை எது தீர்மானிக்கிறது? விறைப்பும் நிறையும், இந்த இரண்டு மட்டுமே. விறைப்பு கூடினால் அதிர்வெண் கூடும், நிறை கூடினால் குறையும். ஆனால் நேர்க்கணக்கில் அல்ல, வர்க்கமூலக் கணக்கில். நிறையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு வரும்போது தேவைப்படும்.

அதிரும் பொருளிலிருந்து காதுக்கு ஒலி எப்படி வருகிறது? தேர்த்திருவிழாக் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும். உங்கள்மேல் இடித்து, உங்களுக்கு முன்னால் நிற்பவர்மேல் இடித்து, தேர்வடம் வரைக்கும் அந்தத் தள்ளு போய்ச் சேரும். ஆனால் நீங்கள் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறீர்கள். காற்றும் அப்படித்தான். தள்ளு மட்டும் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. காற்றின் துகள்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. விநாடிக்கு 20 தடவையிலிருந்து 20,000 தடவை வரை அசைந்தால் மனிதக் காதுக்குக் கேட்கும். அசைவின் அளவு எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 1,000 அதிர்வுகள் கொண்ட மிக மெல்லிய ஒலி, நல்ல காதுக்கு மட்டும் எட்டும் ஒலி, அதில் காற்று அசையும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வலி எடுக்கும் அளவுக்குப் பேரிரைச்சல் வந்தாலும் அசைவு ஏறக்குறைய நூறில் ஒரு மில்லிமீட்டர்தான். இந்த எண்களைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அணுவைவிடச் சிறிய அசைவை நாம் கேட்டு, அது அம்மாவின் குரலா அண்ணனின் குரலா என்று பிரித்தும் சொல்லிவிடுகிறோம்.

இனி தந்தி. பிரான்சில் மெர்சென் என்ற துறவி 1636-இல் வெளியிட்ட நூலில் தந்தியின் விதிகளைச் சொன்னார். நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்கு. இழுவிசையைக் கூட்டி அதே இரு மடங்கைப் பெறவேண்டுமானால் நான்கு மடங்கு இழுக்க வேண்டும். வீணை வாசிப்பவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தரும்போது விரல் செய்வது இழுவிசையை மாற்றும் வேலை.

ஆனால் ஒரு தந்தி ஒரே ஒரு விதத்தில் அதிர்வதில்லை. முழு நீளமும் ஒரே வளைவாக அதிரும். அதே நேரத்தில் நடுவில் ஒரு கணு விழுந்து இரண்டு பாதியாகவும் அதிரும். மூன்று பாகமாகவும் நான்கு பாகமாகவும் ஐந்து பாகமாகவும் அதிரும். இரண்டு முனையும் கட்டப்பட்டிருப்பதால் முழுப் பாகங்களாகத்தான் பிரிய முடியும். ஆகவே அதிர்வெண்களும் 1, 2, 3, 4, 5 என்று முழு எண் மடங்குகளாகவே அமைகின்றன. ஒவ்வொரு பாகமும் செய்வது அதே தனிச்சீரிசை இயக்கம். திரும்பத் திரும்ப வரும் எந்த அசைவையும், அது எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், இப்படி எளிய அலைவுகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலின் வழியாக நமக்குக் கிடைத்த செல்வம். அவர் அதைக் கண்டது ஒலியை ஆராயும்போது அல்ல, வெப்பம் பரவுவதை ஆராயும்போது.

இந்த மடங்குகளைச் சுரமாகச் சொல்லிப் பார்ப்போம். ஒன்று சட்ஜம் என்றால் இரண்டு மேல் சட்ஜம். மூன்று அதற்கு மேலே உள்ள பஞ்சமம். நான்கு இன்னொரு சட்ஜம். ஐந்து? அந்தர காந்தாரம். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று மிதந்து வரும். சங்கீதக்காரர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்கிறார்கள். தானாகத் தோன்றியது. ஐந்தாகப் பிரிந்து அதிரும் தந்திதான் அது. தம்புராவின் குதிரை என்னும் தாங்கியில் தந்திக்கு அடியில் ஒரு நூல் செருகுவார்களே, ஜீவாளி, அது தந்தியைக் குதிரையின்மேல் லேசாக உரசவைத்து இந்த மேற்சுரங்களையெல்லாம் எழுப்பிவிடுகிறது. சி.வி. ராமன் 1921-இல் தம்புரா, வீணை பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது.

தந்திக்கு இப்படி ஒரு கொடுப்பினை இருக்கிறது. தோலுக்கு அது இல்லை.

வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு வெறும் தோல். அதுவும் பல விதங்களில் அதிரும். முழுத் தோலும் ஒன்றாக மேலும் கீழும் போவது ஒரு விதம். நடுவில் விட்டத்தில் ஒரு கணுக்கோடு விழுந்து, ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போவது இன்னொரு விதம். இரண்டு கணுக்கோடுகள் குறுக்கே வெட்டுவது ஒரு விதம், உள்ளே ஒரு வட்டக் கணு விழுவது ஒரு விதம். ஆனால் அதிர்வெண்களின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். முதல் 1-ஐ விட்டால் முழு எண் ஒன்றுகூட இல்லை. 1.59 என்பது சுத்த தைவதத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. 2.14 மேல் சுத்த ரிஷபத்துக்குப் பக்கத்தில். அடுத்தது எந்தச் சுரத்துக்கும் பக்கத்தில் இல்லை. ஒரே அடியில் இத்தனையும் சேர்ந்து எழும்போது காது எதைச் சட்ஜம் என்று பிடித்துக்கொள்ளும்?

இதைக் குறை என்று நான் சொல்லவில்லை, அதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பறையின் வீரம் இந்தச் சேராத கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு சுரத்தில் அடங்காத ஒலி என்பதால்தான் அது நெஞ்சில் வந்து அறைகிறது. பறையை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் ஏறிய ஈரம் போய், தோல் இறுகி, இழுவிசை கூடி, ஒலி எடுப்பாகிறது. அதற்கு அந்த ஒலிதான் வேண்டும். ஆனால் ஒரு பாடகரின் ஆதார சட்ஜத்தோடு சேர்ந்து நிற்க வேண்டிய தோலுக்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றைத்தான் ராமன் பார்த்தார். திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்தவர். 1907-இல் கல்கத்தாவுக்கு நிதித்துறை அதிகாரியாகப் போய், அலுவலகம் போக மிச்ச நேரத்தில் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். நோபல் பரிசு பெற்றுத்தந்த ஒளிச்சிதறலுக்கு வருவதற்கு முன்னால் அவருடைய ஆண்டுகள் பெரும்பாலும் வயலினோடும் வீணையோடும் மிருதங்கத்தோடும் கழிந்தன. 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். இந்தியத் தோல்வாத்தியங்கள் முழு எண் மடங்கு மேற்சுரங்களைத் தருகின்றன என்பது செய்தி. பிறகு 1934-இல், தாமே தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில், முதல் தொகுதியிலேயே, அதை விரிவாக எழுதினார். நோபல் பரிசு வாங்கி நான்கு வருடம் ஆன பிறகும் மிருதங்கத்தை அவர் விடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு இன்னோரிடத்தில் தட்டி, மணல் ஒதுங்கும் கோடுகளைப் பார்த்தார். அசையாத இடத்தில் மணல் தங்கும், அசையும் இடத்திலிருந்து ஓடிவிடும். ஒன்பது அதிர்வு வகைகளை அப்படி இனங்கண்டார். அந்த ஒன்பதும் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து சுரங்களுக்குள் அடங்கி நின்றன. தந்தியைப் போல! சட்ஜம், மேல் சட்ஜம், பஞ்சமம், அதற்கும் மேல் சட்ஜம், காந்தாரம். தம்புராவில் மிதக்கும் அதே காந்தாரம் தோலிலும் இருக்கிறது.

சோறு இதை எப்படிச் செய்கிறது? நாம் நினைவில் வைத்த வரிக்கு வருவோம்.

முழுத் தோலும் ஒன்றாக அசையும் அடிப்படை அதிர்வில் மிக அதிகமாக அசைவது நடுப்பகுதி. அங்கே கனத்தை வைத்தால் அந்த அதிர்வின் நிறை கூடும், அதிர்வெண் இறங்கும். இரண்டாவது வகையில் விட்டத்தில் கணுக்கோடு விழுகிறது என்றேன். அந்தக் கோடு நடுவழியாகப் போகிறது. நடு அசைவதே இல்லை, அதன் பக்கத்தில் உள்ள இடமும் கொஞ்சமே அசைகிறது. ஆகவே அங்கே வைத்த கனத்தை அந்த அதிர்வு அவ்வளவாக உணர்வதில்லை. ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடைவெளி 1.59-இலிருந்து விரிந்து விரிந்து 2-ஐத் தொடுகிறது. தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். இரண்டாவது அதிர்வு அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும். வர்க்கமூலக் கணக்குப்படி அதன் நிறை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே ஆக வேண்டும். அந்த மிச்ச நிறைதான் சோறு.

அது இரண்டு அதிர்வுகளுக்கான கணக்கு. ஒன்பது அதிர்வுகளையும் அவற்றின் இடத்தில் உட்காரவைக்க வேண்டுமே! அதனால்தான் கனம் நடுவில் தடித்தும் ஓரத்துக்குப் போகப்போக மெலிந்தும் இருக்க வேண்டியிருக்கிறது. ஒரே அப்பலில் இது முடியாது. மெல்லிய பூச்சு ஒன்று, வழவழப்பான கல்லால் தேய்ப்பு, காய்ச்சல், மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் தட்டிக் கேட்பது. தேய்க்கத் தேய்க்கச் சோற்றில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அவையும் வேண்டியவைதான். வெடிப்பு இல்லாமல் ஒரே வில்லையாக இறுகிவிட்டால் அது கனத்தோடு விறைப்பையும் சேர்த்துவிடும். நமக்கு வேண்டியது வளையக்கூடிய கனம். விளிம்பில் வளையமாகக் கிடக்கும் மாட்டுத்தோலுக்கும் வேலை இருக்கிறது. ஐந்துக்கு மேலே உள்ள, கட்டுக்கு அடங்காத மேற்சுரங்களை அது அமுக்கிவிடுகிறது என்று ராமன் கண்டார். எல்லா மிருதங்கத்திலும் எல்லா விகிதமும் எண்ணிவைத்ததுபோல அமைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அடிப்படை அதிர்வு சற்று விலகி நிற்பதுண்டு. ஆனாலும் வெறும் தோல் எங்கே, இது எங்கே!

ஒருமுறை சோறு உதிர்ந்துபோன பழைய வலந்தலை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒட்டியிருந்த மிச்சத்தையும் சுரண்டிவிட்டு மாணவர்களைத் தட்டச் சொன்னேன். டப்பென்று ஓர் ஓசை, அவ்வளவுதான். பக்கத்திலேயே நல்ல மிருதங்கத்தைத் தட்டினால் தீம் என்று பாடுகிறது. அன்றைக்கு அந்த வகுப்பில் சமன்பாட்டை யாருக்கும் மனப்பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொற்கட்டுகளும் இந்த இயற்பியலைத்தான் பேசுகின்றன. தீம் அடிக்கும்போது விரல்கள் தட்டிவிட்டு உடனே எழும்பிவிடும், அடிப்படை அதிர்வு தடையில்லாமல் எழும். ‘நம்’ என்று அடிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும். தொட்ட இடத்தில் கணு வந்தாக வேண்டும். அடிப்படை அதிர்வில் அங்கே கணு கிடையாது, ஆகவே அது அடங்கிவிடுகிறது. அந்தப் புள்ளி வழியாகக் கணுக்கோடு போகும் அதிர்வுகளே மிஞ்சுகின்றன.

கச்சேரிக்கு முன்னால் வித்வான் மிருதங்கத்தைத் திருப்பித் திருப்பி, சுற்றிலும் உள்ள 16 கண்களிலும் தட்டிப் பார்த்து, கல்லால் பின்னலை ஏற்றியும் இறக்கியும் தட்டுவார். அரை சுரம் ஏற்ற அதிர்வெண் 6 சதவீதம் கூட வேண்டும், இழுவிசையோ 12 சதவீதம். அது சரி, எதற்குச் சுற்றிலும் பார்க்க வேண்டும்? கணுக்கோடு எந்த விட்டத்திலும் விழலாம். தோலின் இழுப்பு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால் எந்த விட்டத்தில் விழுந்தாலும் அதிர்வெண் ஒன்று. ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் இரண்டு திசைக்கு இரண்டு அதிர்வெண் வந்துவிடும். நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கி விம்மும். பாடப்புத்தகத்தில் விம்மல்கள் என்று படிக்கிறோமே, அது இதுதான். விம்மல் நிற்கும்வரை கல் ஓயாது.

இத்தனையும் யார் கண்டுபிடித்தது? தோலின் கண்ணில் மண் பூசுவது சங்கப் பாடல்களிலேயே வருகிறது, பரதரின் நாட்டிய சாத்திரமும் ஆற்றங்கரை மண்ணைச் சொல்கிறது. மண்ணிலிருந்து இன்றைய கரணைவரை வந்த வழியில் எத்தனை தலைமுறை கைகள் இருந்திருக்கும்! மேடையில் வித்வானின் பெயர் இருக்கும். தோல் உரித்து, பதப்படுத்தி, வார் பிடித்து, சோறு தேய்த்தவர் பெயர் இருக்காது. தஞ்சாவூரில் தொடங்கிய செபாஸ்தியன் குடும்பத்தைப் போன்ற மிருதங்கம் செய்பவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் எழுதியபிறகுதான் பலருக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பதே தெரிந்தது. அந்த வரலாற்றில் சாதியின் காயங்களும் உண்டு. என் கவலை இன்னும் ஒன்று. அவர்கள் செய்ததைக் கைவேலை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நிறையை எங்கே கூட்டினால் எந்த அதிர்வு இறங்கும் என்பதைச் சோதித்து, கேட்டு, திருத்தி, மறுபடி சோதித்தவர்களை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது? ராமன் ஆய்வுக்கூடத்தில் மணலால் கண்டதை அவர்கள் திண்ணையில் காதால் கண்டிருந்தார்கள்.

சரி, பேசியது போதும். மிருதங்கத்தை இடந்தலை கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துத் தொப்பியில் வித்வான்கள் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், ஒலியைக் கீழே இறக்க. அதே ரவையைத்தான் வறட்டு ரவையாக இப்போது வலந்தலையின்மேல் தூவப்போகிறேன். நண்பர் மோதிர விரலைக் கரணையோரம் வைத்துக்கொண்டு விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பார். முன்வரிசைக் குழந்தைகள் முதலில் வாருங்கள். மூச்சை மட்டும் மெதுவாக விடுங்கள், ரவை பறந்துவிடும். விரல் இருக்கும் இடத்திலிருந்து எதிர்விளிம்புவரை பாருங்கள். ரவை நகர்கிறதா? கோடு விழுகிறதா?